வெறும் பாட்டில்கள்

எனக்குச் சம்பளம் கொடுப்பதே சந்தேகப்படுவதற்குத்தான். கடல்நீரில் கரைந்திருக்கும் உலோகங்களை அளப்பது என் வேலை. உப்பை நாக்கே சொல்லிவிடும், அதற்கு நான் வேண்டாம். ஈயம், துத்தநாகம், தாமிரம் என்று இருந்தும் இல்லாத மாதிரி இருப்பவற்றைத்தான் நான் தேடுகிறேன். அவை அவ்வளவு கொஞ்சம் என்பதால் என் முகப்பவுடர், என் தோடு, என் வியர்வை, படகின் துரு என்று எது வேண்டுமானாலும் கணக்கைக் கெடுத்துவிடும். கடலில் என்ன இருக்கிறது என்று சொல்வதற்கு முன்னால், அதில் நான் என்னத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன் என்று பார்க்க வேண்டும்.

இந்தப் புத்தி வேலையோடு நிற்பதில்லை. கடையில் மஞ்சள்தூள் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். காலையில் வந்த மீன் என்று மீன்காரம்மா சத்தியம் செய்தாலும், செவுளைத் தூக்கிப் பார்த்த பிறகும் எனக்கு அரை மனதுதான். கடலுக்குப் போகிற நாளில் தோடு, மூக்குத்தி, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுவேன். பெண்பிள்ளை மூளிக் காதோடு தெருவில் நடக்கிறாளே என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். ராயபுரத்தில் மாதா கோயில் மணி காதில் விழுகிற தூரத்தில் எங்கள் வீடு. அப்பா போன பிறகு அதில் அம்மாவும் நானும்தான்.

எங்கள் ஆய்வகம் நகரத்தின் தெற்குக் கோடியில் இருக்கிறது. நான் நீர் எடுப்பதோ எண்ணூர் முகத்துவாரத்தில். படகு விடிவதற்குள் கிளம்பிவிடும் என்பதால், முதல் நாள் மாலையே பாட்டில் பெட்டியை வீட்டுக்கு எடுத்துவந்து, கூடத்தில் மாதா சுரூபம் இருக்கும் பீடத்துக்குக் கீழே வைத்துவிடுவேன். வீட்டிலேயே தூசி குறைந்த இடம் அதுதான். அம்மா அதைத் தினமும் இரண்டு வேளை துடைப்பாள்.

படகு என் மாமாவுடையது. அம்மாவின் தம்பி. எண்ணூரில் பெண் எடுத்து, அங்கேயே தங்கி, பைபர் படகில் நண்டுக்கும் இறாலுக்கும் போகிறவர். சந்தேகத்தில் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். ஆராய்ச்சி என்று வருகிறவர்களைப் பற்றி அவருக்கு ஒரே அபிப்பிராயம்தான். "வருவாங்கோ, தண்ணி மொண்டுகினு போவாங்கோ, அப்பால ஆள் அட்ரஸே இருக்காது." அக்கா மகள் என்பதால் என்னை ஏற்றிக்கொண்டார். ஆனாலும் முதல் நாளே, உன்னை யார் அனுப்பினார்கள், கணக்கை யாரிடம் கொடுப்பாய் என்று வெவ்வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தார். நான் ஒரே பதிலைத் தருகிறேனா என்று சோதித்தார் என்பது எனக்குப் புரிந்தது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆற்றில் நண்டு செத்து மிதந்தது. ஒரு பருவம் மிதந்து நின்றுவிடவில்லை, திரும்பத் திரும்ப மிதந்தது. ஆற்றங்கரையில் ஒரு தொழிற்சாலையின் கழிவுக்குழாய் இருக்கிறது. அதைக் கடக்கும்போது மாமா வாயால் எதுவும் சொல்ல மாட்டார், மோவாயை மட்டும் அந்தப் பக்கம் நீட்டிக் காட்டுவார்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. படகைத் தள்ளுவதற்கு முன்னால் தூக்குவாளியில் ஒரு பிடி சோறாவது போட்டு எடுத்துவருவார். வெயில் ஏறுவதற்குள் நாங்கள் திரும்பிவிடுவோம், யாரும் அதைத் தின்பதும் இல்லை. என் கண்ணில் பட்டதெல்லாம் வாளியின் அலுமினிய மூடிதான். அதை என் பெட்டிக்கு எட்டாத தூரத்தில் வைக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே படகின் அந்தக் கோடியில் வைத்தார். வீட்டில் விட்டுவரச் சொன்னபோது மட்டும், காது கேட்காதவர் போலக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

சில பயணங்களுக்குப் பிறகு கணக்கு வந்தது. தாமிரம் எகிறியிருந்தது. நான் அதை நம்பத் தொடங்குவதற்கு முன்பே எங்கள் திட்டத் தலைவர் நம்பிவிட்டார். எண்ணூரில் மீனவர்களைக் கூட்டி வைத்து, நீரில் தாமிரம் பல மடங்கு இருக்கிறது, நண்டுக்கு அது ஆகாது என்று சொல்லியும்விட்டார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மாமா திரும்பி என்னைப் பார்த்தார். அவர் என்னைப் பெருமையாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு ஊரில் தாமிரம் என்பது மாமாவின் சொல்லாகிவிட்டது. டீக்கடையில் தாமிரம், வலை பின்னுகிற இடத்தில் தாமிரம். அந்தத் தொழிற்சாலை தன்னை விரிவுபடுத்த அனுமதி கேட்டிருந்தது. அதற்கான கருத்துக்கேட்புக் கூட்டம் வரப்போகிறது என்றும், ஊர் சார்பில் மாமாதான் மைக் பிடிக்கப்போகிறார் என்றும் முடிவாயிற்று. அதிகாரிகளுக்கும் கம்பெனி நிபுணர்களுக்கும் முன்னால், என் கணக்கை வாயில் வைத்துக்கொண்டு அவர் எழுந்து நிற்கப்போகிறார்.

எனக்குத் தூக்கம் போயிற்று. கடலுக்குள் வெகுதூரம் போய் எடுத்த நீரிலும் அதே தாமிரம் இருந்தது. குழாயிலிருந்து வருவதென்றால் தள்ளிப்போகப் போகக் குறைய வேண்டும். ஆற்று வாயிலும் அதே அளவு, நடுக்கடலிலும் அதே அளவு என்றால், அது கடலில் இருக்கும் தாமிரமில்லை. யாரோ எனக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிற தாமிரம்.

யார் என்று தேட ஆரம்பித்தேன். முதலில் படகு. அடிப்பகுதிப் பெயிண்டை மாமாவுக்குத் தெரியாமல் சுரண்டிக்கொண்டுபோய்ச் சோதித்தேன், அதில் ஒன்றுமில்லை. அடுத்து எஞ்சின். அதுவும் இல்லை. மூட்டுவலிக்காக மாமா கையில் ஒரு தாமிரக் காப்பு போட்டிருப்பார். அதைக் கழற்றச் சொன்னேன். கழற்றி என் மடியில் போட்டார். "இந்தா, இத்த வெச்சே என் மேல கேஸ் போட்டுடு" என்றார். அன்று திரும்பி வரும்வரை முகம் கொடுக்கவில்லை. காப்பு இல்லாமல் எடுத்த நீரிலும் தாமிரம் அப்படியே இருந்தது.

அப்புறம் ஆய்வகம். பாட்டில்களை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவும் உதவியாளரின் பின்னாலேயே போய் நின்றேன். அவர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, என்னோடு சாப்பிட உட்காருவதை நிறுத்திவிட்டார். அதற்கும் மேலே போனேன். கூட்டத்தில் எங்களைக் கேலிக்கு ஆளாக்குவதற்காகக் கம்பெனிக்காரர்களே யாரையாவது விட்டுக் கலந்திருப்பார்களோ என்று நினைத்தேன். அறைக்குப் பூட்டை மாற்றச் சொன்னேன். திட்டத் தலைவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். நான் அவரையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

என்னைக் குழப்பியது ஒரே விஷயம். ஒவ்வொரு பயணத்திலும் இரண்டு பாட்டில்களில் ஆய்வகத்திலேயே சுத்தமான நீரை நிரப்பி எடுத்துப்போவோம். படகில் மற்றவற்றைத் திறக்கும்போது அவற்றையும் திறந்து, மூடி, திரும்பக் கொண்டுவந்து அளப்போம். காற்றிலோ படகிலோ கையிலோ அழுக்கு இருந்தால் அது இவற்றிலும் விழுந்திருக்க வேண்டும். இவற்றுக்கு நாங்கள் பிளாங்க் என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்த இரண்டும் எப்போதும் பரிசுத்தமாக இருந்தன. அதே பெட்டி, அதே படகு, அதே கை. நிரம்பிப் போன இரண்டில் ஒன்றுமில்லை, காலியாகப் போய்க் கடல்நீர் பிடித்துவந்த எல்லாவற்றிலும் தாமிரம். கடல்தான் குற்றவாளி என்று யாராக இருந்தாலும் சொல்வார்கள். காலிப் பாட்டிலை நாங்கள் கடல்நீரில் அலசுவதும் இல்லை. வடிகட்டிய நீர் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும் என்பதால் அதை வீணாக்காமல், கழுவிக் கொண்டுபோன பாட்டிலில் நேராகப் பிடித்துவிடுவதுதான் எங்கள் முறை.

கடைசியில் ஒரு வேலை செய்தேன். ஒரு பாட்டிலையும் காலியாக விடாமல், எல்லாவற்றிலும் சுத்த நீரை நிரப்பி, ஒவ்வொன்றையும் உள்ளே தெரியாத இரட்டைப் பையில் போட்டு மூடிப் பெட்டியில் அடுக்கினேன். கடலுக்குப் போய், ஒரு சொட்டுக் கடல்நீர்கூட எடுக்காமல், வெறுமனே திறந்து மூடிக் கொண்டுவருவது என்று திட்டம். மாமாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி பெட்டியோடு வீட்டுக்கு வந்தேன். வழக்கம்போலப் பீடத்துக்குக் கீழே வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

குளித்துவிட்டு வந்து காப்பிக்கு உட்கார்ந்தேன். அம்மா டம்ளரை வைத்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டாள்.

"இன்னாடி, இந்த வாட்டி எல்லா பாட்டில்லயும் தண்ணி ரொப்பி கீது?"

பெட்டி மூடியபடியே இருந்தது. அதை நான் திறக்கவில்லை. பை கறுப்பு, வெளியிலிருந்து யாருக்கும் எதுவும் தெரியாது. இது இவளுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன். ஊரில் உள்ள எல்லோரையும் சந்தேகப்பட்ட எனக்கு, இவள் ஒருத்தி என் பட்டியலிலேயே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கேட்டேன். அவள் மறைக்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் நான் குளிக்கப் போகிற நேரத்தில் பெட்டியைத் திறந்து, பைகளைப் பிரித்து, காலிப் பாட்டில் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுத் தீர்த்தம் விட்டு, பழையபடி மூடி வைத்திருக்கிறாள். கையைக் கழுவிவிட்டுத்தான் தொட்டேன் என்று வேறு சொன்னாள்.

"வெறும் பாத்திரத்த கடலுக்கு அனுப்புவாங்களாடி?"

நிரப்பிய இரண்டில் ஏன் விடவில்லை என்று கேட்டேன். அவற்றில்தான் ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறதே, அவை காலி இல்லையே என்றாள், இதுகூடத் தெரியாதா என்பது போல.

பீடத்தைப் பார்த்தேன். சுரூபத்தின் காலடியில் தாமிரச் சொம்பு இருந்தது. கோயிலில் கொடுத்த தீர்த்தத்தில் மந்திரித்த உப்பும் போட்டு, மாதக்கணக்கில் அதிலேயே வைத்திருப்பாள். உப்புத் தண்ணீர் தாமிரத்தை எப்படித் தின்னும் என்று நான் பாடம் நடத்தியிருக்கிறேன். என் வீட்டில் நடப்பதைப் பார்க்கவில்லை.

கத்தினேன். எத்தனை பேர் உழைப்பு, எத்தனை பேர் நம்பிக்கை, எல்லாம் போயிற்று என்று கத்தினேன். "ஒரு சொட்டுக்கா?" என்று கேட்டாள். ஒரு சொட்டுக்குத்தான் என்றேன். அவள் முந்தானையால் பீடத்தைத் துடைத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், அவளுடைய அப்பாவைப் பற்றிச் சொன்னாள். அவர் கடலில் காணாமல் போனவர் என்பது எனக்குத் தெரியும். அன்று காலை கஞ்சி கொதிப்பதற்குள் படகுக்கு நேரமாகிவிட்டதும், வாளியைக் காலியாகவே தூக்கிக்கொண்டு ஓடியதும் எனக்குத் தெரியாது. வாளியும் வரவில்லை, அவரும் வரவில்லை. "நான்தான் வாளிய எடுத்து குட்த்தேன்" என்றாள். எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் கத்த முடியவில்லை.

சொம்பு நீரை எடுத்துப்போய்ச் சோதித்தேன். அதில் இருந்த தாமிரத்தைப் பலமுறை நீர் சேர்த்துக் குறைத்த பிறகுதான் கருவியால் அளக்கவே முடிந்தது. பிறகு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவராமல், ஆய்வகத்திலிருந்து வாடகைக் காரில் நேராக எண்ணூர் போய் மறுபடி நீர் எடுத்தேன். ஆற்று வாயில் தாமிரம் கொஞ்சம் கூடுதல், கடலுக்குள் குறைவு, எங்கேயும் நண்டைக் கொல்கிற அளவு இல்லை.

புதுக் கணக்கைத் திட்டத் தலைவரிடம் காட்டினேன். அவர், அறிக்கையில் தாமிரத்தை விட்டுவிடலாம், ஊரில் எதுவும் சொல்ல வேண்டாம் என்றார். மாமா மைக் முன்னால் நின்று தாமிரம் என்று சொல்லுவார், எதிரே உட்கார்ந்திருக்கும் நிபுணர் எந்த நீர், எந்த அளவு, காட்டுங்கள் என்பார், மாமா என்னைத் திரும்பிப் பார்ப்பார். அதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு எண்ணூருக்குப் போனேன்.

மாமா வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கையை நிறுத்தவில்லை. பிறகு அமைதியாகக் கேட்டார், அந்தக் கம்பெனியிலிருந்து உன்னை யார் வந்து பார்த்தது என்று. யாரும் வரவில்லை என்றேன். தீர்த்தக் கதையை யார் சொல்லிக்கொடுத்தது என்றார். இதையெல்லாம் சின்னப் பிள்ளைகூட நம்பாது என்றார். அவர் சொன்னது சரிதான். வேறு யாராவது என்னிடம் வந்து இதே கதையைச் சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

"நீ யாரையும் நம்பாத பொண்ணு. என் காப்பையே கழட்ட வெச்ச. நான் மட்டும் இன்னாத்துக்கு உன்ன நம்பணும்?"

அம்மா நடுவில் வந்தபோது, மகளைக் காப்பாற்ற நீயும் சேர்ந்து பொய் சொல்லாதே அக்கா என்றார். அம்மா அவரை முறைத்தாள்.

"நைனா எப்டி போனாருன்னு உனக்கு தெரியாதா? இவள காலி பாட்டிலோட வுட சொல்றியா?"

மாமாவின் கை நின்றது. வாசல் ஓரத்தில் நாளைய பயணத்துக்காகக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த தூக்குவாளி மேல் அவர் கண் போயிற்று. அந்த ஒரு பிடிச் சோறு எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. "ஒரு வார்த்த கேட்டுட்டு வுட்டு இருக்கலாமே அக்கா" என்றார். அவர் எங்களை நம்பிவிட்டார் என்பது எனக்கு நிம்மதியாகவும், அவர் பிடித்துக்கொண்டிருந்த ஒரே பிடியும் நழுவிவிட்டதே என்று வேதனையாகவும் இருந்தது.

அப்படியென்றால் நண்டு ஏன் சாகிறது என்று கேட்டார். தெரியவில்லை மாமா என்றேன்.

கூட்டம் நடந்தது. ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், மேடையில் அதிகாரிகள், ஒரு பக்கம் கம்பெனி நிபுணர்கள் கட்டுக் கட்டாகத் தாள்களோடு. மாமா மைக்கைப் பிடித்து, தாமிரம் என்று நாங்கள் சொன்னது தப்பு என்றார். பின்னால் சலசலப்பு எழுந்தது. பெண்ணை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று ஒரு குரல் வந்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா, ஊர்க் கூட்டத்தில் வாயே திறக்காதவள், எழுந்து நின்றாள். யாரும் யாரையும் வாங்கவில்லை, பாட்டிலில் தீர்த்தம் விட்டது நான்தான் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், ஊர்க்காரர்கள், கம்பெனிக்காரர்கள், மேடையில் இருந்தவர்கள்கூட. அம்மா உட்காரவும் தெரியாமல் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாமா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு நிபுணர்கள் பக்கம் திரும்பினார்.

"எங்க பொண்ணு, தன் கணக்கு தப்புன்னு அதுவா வந்து சொல்லிச்சு. நீங்க உங்க கணக்குல எதுனா ஒண்ணு தப்புன்னு எப்பனா சொல்லி கீறீங்களா?"

நிபுணர் ஒருவர் தாள்களைச் சரிசெய்துகொண்டார். நண்டு எதனால் சாகிறது என்று தெரிகிறவரை எந்தக் கணக்கையும் நம்பப்போவதில்லை, எங்கள் பெண்ணுடையதையும் சேர்த்துத்தான் என்று சொல்லிவிட்டு மாமா மைக்கை வைத்தார். அன்று எதுவும் முடிவாகவில்லை. கோப்பு இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. நண்டும் இன்னும் சாகிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். திருவொற்றியூர் தாண்டியதும், கடலில் இருப்பதைவிட என் சொம்பிலா அதிகம் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இனிமேல் தொட மாட்டேன் என்றாள். நான் அவளை நம்பவில்லை என்பதுதான் உண்மை.

அடுத்த பயணத்துக்குப் பெட்டி மறுபடியும் வீட்டுக்கு வந்தது. வேண்டுமென்றேதான் கொண்டுவந்தேன். வழக்கம்போலக் காலிப் பாட்டில்கள், வழக்கமான இடம். குளிக்கவும் போனேன், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம். காலையில் படகில் ஏறியதும் கையுறை மாட்டிக்கொண்டு, பைகளைப் பிரித்து, காலிப் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து டார்ச் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மாமா வாளியை அந்தக் கோடியில் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றிலும் ஈரமில்லை. அடியிலும் இல்லை, கழுத்திலும் இல்லை. அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள். எல்லாம் சரியாக இருந்தது, வேலையை ஆரம்பிக்க வேண்டியதுதான் பாக்கி. வெறும் பாட்டில்கள் மறுபடி பெட்டிக்குள் போயின. மாமா படகைத் தள்ளினார். இத்தனை வருடத்தில் முதல்முறையாக எனக்குக் கடலைப் பார்த்துப் பயமாக இருந்தது.